ஜெனியைக் காணவில்லை

என் அம்மாவுக்கு முதலில் ஜெனியைப் பிடிக்கவில்லை. “சர்ச்சுக்குப் போற வேதக்காரப் புள்ளையாடா?” என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாவது படம் வந்தபோது, “சிரிச்சா லட்சணமாத்தான் இருக்கா” என்றாள். அதற்கப்புறம் வந்த படங்களையெல்லாம் தெருவில் நாலு பேருக்குக் காட்டாமல் அவளுக்குத் தூக்கம் வராது. அடுத்த சுற்றுலா எப்போது என்று என்னைவிட அவளுக்குத்தான் அவசரம். இதில் ஒரே ஒரு சங்கடம், ஜெனி என்று ஒருத்தி கிடையவே கிடையாது.

இருந்தவன் ஜெரோம். நான் வேலை பார்க்கும் அதே பனியன் கம்பெனியில் சாயப் பிரிவில் இருந்தான். விடுதியில் வளர்ந்தவன், சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆள் இல்லை. நான் தரம் பார்க்கும் பிரிவு. துணியில் எங்கே பழுது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் என் சொந்த வாழ்க்கையில் எது பழுது, எது சரி என்று இத்தனை நடந்த பிறகும் எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டுக்கண் வந்ததிலிருந்துதான் இந்தத் தொல்லையெல்லாம். தெருவுக்குத் தெரு நிற்கும் கேமராக்கள் நம்மை அடையாளம் கண்டு, நாம் எங்கே யாரோடு இருக்கிறோம் என்று வீட்டுப் பெரியவரின் போனுக்குப் படம் அனுப்பிவிடும். குழந்தைகள் தொலையக் கூடாது என்று ஆரம்பித்தார்கள். பிறகு வயதானவர்கள் தொலையக் கூடாது என்றார்கள். கடைசியில் யாருமே தொலையக் கூடாது என்றாகிவிட்டது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். ஆனால் விலகுகிறவனுக்கு மறைக்க அப்படி என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்பார்கள். அதனால் ஒருவரும் விலகுவதில்லை.

எங்கள் ஞாயிறு மன்றம் பெரிய அமைப்பொன்றும் இல்லை. ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநங்கைகள் என்று கலந்துகட்டி ஒரு பதினொரு பேர் மாதம் ஒருமுறை திருப்பூரிலிருந்து வேன் பிடித்து எங்காவது போவோம். கட்டுசோறு சாப்பிட்டு, பாட்டுப் பாடி, பொழுதோடு திரும்பிவிடுவோம். போராட்டம், ஊர்வலம் எல்லாம் எங்களுக்கு வராது. பிடித்தவர் பக்கத்தில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அதற்கே ஒரு போர்வை வேண்டியிருந்தது.

போர்வையைச் செய்தது ஷாஜிதா. கேமரா பழுது பார்க்கும் ஒரு தனியார் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிற பெண். வேனில் அவள் காலடியில் டிபன் கேரியர் அளவில் ஒரு பெட்டி இருக்கும். எங்கள் சட்டைக் காலரில் ஆளுக்கொரு பொத்தான். அன்றைக்கு மூங்கில்துறை அணைக்குப் போய்க்கொண்டிருந்தபோது துரைசாமி ஐயா அந்தப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அம்மணி, மூணு தடவை வந்தும் எனக்கு ஒண்ணும் வெளங்கமாட்டேங்குது. இதைக் குத்திக்கிட்டா நான் எப்படிச் சாமியாராத் தெரியறேன்?”

“கேமரா பாக்கறதில்லீங் ஐயா, ஊகிக்குது” என்றாள் ஷாஜிதா. “கொஞ்சம் முகம், கொஞ்சம் நடை, பக்கத்துல யாரு நிக்கறாங்க, இதையெல்லாம் வெச்சு இவரு இன்னாருன்னு ஒரு முடிவுக்கு வந்து, அதுக்குத் தக்கன படத்தை வரைஞ்சு அனுப்புது. இந்தப் பொட்டி அந்த ஊகத்தைச் சித்த திருப்பி விடுது, அவ்வளவுதான்.”

“அது சரி. கண்ணால பாக்கறவங்களுக்கு?”

“இப்ப யாருங்க கண்ணால பாக்கறாங்க? எல்லாரும் போன்ல வர்ற படத்தைத்தான் பாக்கறாங்க.”

துரைசாமி ஐயா பக்கத்தில் நாச்சிமுத்து வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பல வருஷத்துக்கு முன்னால் ஏதோ நடந்து, துரைசாமி என்ற பெயரே அவர் வீட்டில் ஆகாது என்றாகியிருந்தது. ஆகவே போர்வை துரைசாமியைக் காவி கட்டிய பெரியவராக்கிவிட்டது. வாத்தியார் ஆன்மிகத்தில் இறங்கிவிட்டார் என்று வீட்டில் மனைவிக்குப் பரம திருப்தி.

யாரை மாற்றுவது என்பதற்கு எங்களுக்குள் ஒரு முறை உண்டு. ஜோடியில் யாருக்குப் படம் போய்ச் சேர வீடு இருக்கிறதோ அவர் அவராகவே இருப்பார். யாரைத் தேட வீட்டில் ஆளில்லையோ அவர் போர்வைக்குள் போவார். கணக்குப்படி பார்த்தால் நியாயம்தான். ஜெரோம் ஜெனியானது இப்படித்தான். இன்னும் நாலு பேர், துரைசாமி ஐயாவையும் எங்களை நடத்திச் செல்லும் ரூபாவதி அக்காவையும் சேர்த்து, இப்படி வேறு யாரோவாக இருந்தார்கள். திருநங்கையான ரூபாக்காவைக் கேமரா நகை போட்ட பெரிய வீட்டு அத்தையாகக் காட்டியது. அந்தப் படத்தை மட்டும் அக்கா தனக்கு அனுப்பச் சொல்லி வைத்துக்கொள்வார்.

“இன்னிக்கு நாம சீர் குடுத்துட்டுத் திரும்பற குடும்பம்” என்று அணை வந்ததும் அக்கா அறிவித்தார். “கீழ எறங்கினா போர்வைப் பேருதான். எவனாவது மறந்து ஜெரோமுன்னு கூப்புட்டீங்க, மண்டையில குட்டு விழும்.”

குட்டு வாங்கி வாங்கி எங்களுக்கு அது பழகிவிட்டது. போன்களை வேனிலேயே வைத்துவிட்டு இறங்கினோம். கால் தரையில் பட்டதும் எனக்கு ஜெனி என்றுதான் வாயில் வரும்.

மூங்கில்துறையில் அணைக்குக் கீழே பாறைகளுக்கு நடுவில் ஓடை இறங்கும் ஒரு பள்ளம் உண்டு. மேலே பூங்கா. மனித வாடையே கிடையாது, எல்லாம் கேமராவும் கம்பமும்தான். நாங்கள் புல்வெளியில் உட்கார்ந்து தக்காளி சாதத்தைப் பிரித்தோம். ஜெரோம் சாப்பிடவில்லை.

“நேத்து உங்கம்மா போன் பேசினப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன்” என்றான். “ஜெனி நல்லாருக்காளான்னு கேட்டாங்க. சளி புடிச்சிருந்ததே, சரியாயிருச்சான்னு கேட்டாங்க. நீயும் ஆச்சும்மா, கஷாயம் குடிச்சான்னு சொன்ன.”

“பின்ன என்னன்னு சொல்ல?”

“சளி எனக்குத்தான புடிச்சிருந்துச்சு. எனக்கு எப்படியிருக்குன்னு நீ ஒரு தடவை கேட்டியா?”

நான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஆனால் அதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. “கத்தாத ஜெனி, கேமரா இருக்கு” என்றேன்.

அவன் தன் சாப்பாட்டுப் பொட்டலத்தை மூடித் தள்ளி வைத்தான். “தீவாளிக்குள்ள அம்மாகிட்டச் சொல்றேன்ன. பொங்கலுக்குள்ளன்ன. நிதின், எனக்குப் படத்துல வர்ற அந்தப் பொம்பளையப் பாத்தா எரிச்சலா இருக்கு. என்னோட கண்ணை வெச்சுக்கிட்டு என்னோட எடத்துல உக்காந்திருக்கா.” எழுந்தான். “சித்த நடந்துட்டு வரேன்.”

கோபம் தணிந்து வருவான் என்று இருந்தேன். பாட்டு முடிந்தது, முறுக்கு முடிந்தது. அவன் வரவில்லை. பூங்கா முழுக்கத் தேடியாயிற்று. பள்ளத்துக்கு இறங்கும் கம்பிக்கதவுக்குப் பக்கத்தில் வேலி பிய்ந்திருந்தது, அங்கே சேற்றில் அவன் செருப்புத் தடம் மாதிரி ஒன்று. பள்ளத்துக்குள்ளிருந்து தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் வந்தது.

பூங்கா நடுவில் மீட்புக் கம்பம் ஒன்று இருந்தது. அதிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். திரையில் காக்கிச் சட்டை போட்ட ஓர் இளைஞர் முகம் வந்தது. எங்கோ ஊருக்குள் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர். பெயர் செங்கோடன் என்று கீழே எழுதியிருந்தது.

“சொல்லுங்க, என்னாச்சு?”

“என் வீட்டுக்காரியக் காணோமுங்க” என்றேன். “ஜெனி. ஜெனின்னு பேரு.”

யோசித்துச் சொன்னதில்லை. இரண்டு வருஷப் பழக்கம், பதற்றத்தில் அதுவே வாயில் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் ரூபாக்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் போட்ட குட்டெல்லாம் இப்படிப் பலித்துவிட்டது.

“பதறாதீங்கண்ணா” என்றார் செங்கோடன். “மஞ்சச் சுடிதாரு, ஒத்தைச் சடை. காலையில உள்ள வந்த படம் இருக்குது. பறவைய அனுப்பிட்டேன்.” மேலே நாலைந்து பறக்கும் கேமராக்கள் ரீங்காரத்தோடு கிளம்பின.

“இல்லீங்க, ஒரு நிமிஷம். அது பொண்ணு இல்லீங்க. ஆம்பளை. நீலச் சட்டை. ஜெரோமுன்னு பேரு.”

செங்கோடன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உங்க வண்டியில அப்படி ஒருத்தரு வரவேயில்லீங்களே. காணாமப் போனது உங்க வீட்டுக்காரிதானுங்க? நீங்கதான சொன்னீங்க.”

“தப்பாச் சொல்லிட்டேனுங்க.”

“வீட்டுக்காரியத் தப்பா எப்படிங்கண்ணா சொல்லுவாங்க?” அவர் குரலில் கிண்டல் இல்லை, நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார். நானும்தான். எந்தப் பொய்யை முதலில் பிரித்தால் உண்மை வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவரே திரும்ப வந்தார். பள்ளம் முழுக்கப் பறவைகள் பார்த்துவிட்டனவாம், பெண் யாரும் இல்லையாம். “உள்ளூர் ஆளு ஒருத்தரு பாறையில உக்காந்திருந்தாருங்க. உதவி வேணுமான்னு கேட்டதுக்கு வேண்டாம், நான் போய்க்கறேன்னுட்டாரு. அவருக்கும் எந்தப் பொண்ணையும் தெரியலீங்களாம்.”

“நீலச் சட்டையா?”

“ஆமாங்க.”

“அவருதானுங்க. அவரைத்தான் நான் தேடறேன்.”

“அண்ணா, அவரு உங்ககூட வந்தவரு இல்லீங்க. நான் படத்தைப் பாத்துத்தான சொல்றேன்.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “அவரும் போயிருப்பாருன்னு கணக்கு வெச்சு, பள்ளம் காலின்னு மெஷின் எழுதிருச்சு. இன்னிக்குப் பாசனத்துக்குத் தண்ணி தெறக்கற நாளு, மூணாஞ் சங்கு ஊதினதும் தெறந்துருவாங்க. உங்க வீட்டுக்காரிய மேல காட்டுப் பக்கம் தேடச் சொல்லியிருக்கேன். நீங்க யாரும் கீழ எறங்கிராதீங்க.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் அணைப் பக்கமிருந்து முதல் சங்கு ஊதியது. கம்பிக்கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. பிய்ந்த வேலி வழியாக நுழையப் போனேன், மேலே வந்து நின்ற பறவை ஒன்று “திரும்பிச் செல்லுங்கள்” என்று அலறிக்கொண்டே என் முகத்துக்கு நேராக இறங்கியது. இரண்டு எட்டு வைத்ததும் நெற்றியில் மோதித் தள்ளிவிட்டது.

நெற்றியில் ரத்தத்தோடு வேனுக்கு ஓடினேன். எல்லோரும் ஷாஜிதாவைச் சுற்றி நின்றார்கள்.

“ஆஃப் பண்ணு” என்றேன். “நாம யாருன்னு அந்த ஆளு பாக்கட்டும். கேமரா இத்தனை நேரம் தப்பாக் காட்டுச்சுன்னு தெரிஞ்சாத்தான் நான் சொல்றதை நம்புவாரு.”

“ஜெரோமுக்கு மட்டும் கழட்ட முடியாதுங்களா?” என்று கேட்டார் துரைசாமி ஐயா.

“அவரு பொட்டிக்கு எட்டாத தூரத்துல இருக்காருங் ஐயா, அவருக்குப் போர்வை எப்பவோ வெலகிருச்சு” என்றாள் ஷாஜிதா. “நம்மளை எல்லாம் சேத்து ஒரே குடும்பமாப் பின்னியிருக்கு. அவுத்தா மொத்தமா அவுக்கணும்.” கண்டுபிடித்தால் முதலில் ஜெயிலுக்குப் போகிறவள் அவள்தான்.

நாச்சிமுத்து வாத்தியார் வேனின் படியில் உட்கார்ந்துவிட்டார். “தம்பி, காலைல படத்துல சாமியாரு இருந்தாரு. இப்ப அந்த எடத்துல துரைசாமி நிப்பாரு. என்ர வீட்டுல அதைப் பாத்தா என்னாகும் தெரியுமா? பத்திரிகை குடுத்தாச்சு. சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா என்ர புள்ள கல்யாணம் நின்னுரும்.”

“அவன் செத்துருவானுங் வாத்தியாரே.”

“தெரியும். வேண்டாம்னு சொல்லல. ஒரே ஒரு போன் பண்ணிக்கறேன். படம் போய்ச் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிக்கறேன்.”

ஒருவர் கேட்டதும் எல்லோருக்கும் அதுதான் சரி என்று பட்டுவிட்டது. ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். ஒரு வேனுக்குள் ஐந்து குடும்பங்களுக்கு ஒரே சமயத்தில் உண்மை போய்க்கொண்டிருந்தது. ஒருவர் அழுதார், ஒருத்தி “அத்தை, லைன் கட்டாயிருச்சா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். வாத்தியார் மனைவியிடம், “அது சாமியாரு இல்ல மணியம்மா, துரைசாமி. ஆமா, அதே துரைசாமிதான்” என்று வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எனக்கு அவர்கள் எல்லோரையும் உதைக்க வேண்டும் போல இருந்தது. கீழே தண்ணீர் வரப்போகிறது, இங்கே இவர்கள் குசலம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். என் போனும் கையில்தான் இருந்தது. அம்மாவின் எண்ணை எடுத்தேன். அழுத்தவில்லை.

இரண்டாம் சங்கு ஊதியபோது ரூபாக்கா குனிந்து, ஷாஜிதாவின் கையைப் பிடித்து, அவள் விரலாலேயே பெட்டியை அணைத்தார்.

நான் கம்பத்துக்கு ஓடினேன். “பாருங்க. இப்பப் பாருங்க. நாங்க யாருன்னு தெரியுதுங்களா?”

செங்கோடன் எழுந்து நின்றுவிட்டார். “ஏனுங்க, அங்க என்னாச்சு? இன்னும் நாலு பேரைக் காணோமுங்க.”

“எந்த நாலு பேரு?”

“சாமியாரு ஒருத்தரு, நகை போட்ட அம்மா ஒருத்தங்க. இப்ப இருந்தாங்க, இப்ப இல்ல. உங்க வீட்டுக்காரியோட சேத்து அஞ்சு பேரு.” அவர் பின்னால் மணி அடித்தது, ஆட்கள் ஓடினார்கள். “அஞ்சு பேருன்னா பேரிடர் கணக்குங்க. தண்ணி தானா நின்னுரும். ஆளுகளே நேரா வந்துட்டிருக்காங்க. நீங்க தைரியமா இருங்கண்ணா.”

“அவங்க எங்கயும் போகலீங்க, இங்கதான் நிக்கறாங்க” என்று ரூபாக்காவை இழுத்து முன்னால் நிறுத்தினேன்.

“இவங்க யாருங்க? உதவிக்கு வந்த ஊர்க்காரங்களா? கும்புடறேனுங்க.”

மூன்றாம் சங்கு ஊதவில்லை. கயிறும் பரிசலுமாக வந்த ஆட்கள் பள்ளத்தின் ஒவ்வொரு பொந்தையும் பார்த்தார்கள். கணுக்கால் ஒடிந்து பாறை இடுக்கில் கிடந்த ஜெரோமைத் தூக்கி வந்தார்கள். இவர் தேடிய ஆள் இல்லை என்று சொல்லி ஓரமாகப் படுக்க வைத்துவிட்டு மறுபடியும் இறங்கினார்கள்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டபின் அவனைக் கேட்டேன். “பறவை கேட்டப்ப ஏன்டா வேண்டாம்னு சொன்ன?”

“யாருகூட வந்தீங்கன்னு கேட்டுச்சு. என்னன்னு சொல்றது? சொன்னா ஷாஜி மாட்டுவா, வாத்தியாரு புள்ள கல்யாணம் போயிரும். தண்ணி தெறப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. காலை இழுத்துக்கிட்டே வந்தர்லாம்னு பாத்தேன்.” கட்டுப் போட்ட காலை நகர்த்தி வைத்துக்கொண்டு, “உங்கம்மாகிட்டச் சொல்லிட்டியா?” என்றான்.

என் போனில் அம்மாவின் தவறிய அழைப்புகள் வரிசையாக இருந்தன. நான் பதில் சொல்வதற்குள் அவளே வந்து நின்றாள். பேருந்தில் வந்திருக்கிறாள், வழியெல்லாம் அழுதிருக்கிறாள். என்னைக் கட்டிக்கொண்டு, “எனக்குச் சொல்லாமயே கட்டிக்கிட்டியாடா அந்தப் புள்ளைய? சொல்லியிருந்தா வேண்டாம்பனா?” என்று கதறினாள். அவள் போனைக் காட்டினாள். உங்கள் மருமகள் ஜெனியைத் தேடும் பணி நடைபெற்று வருகிறது என்று இருந்தது.

பிறகுதான் கட்டிலைப் பார்த்தாள். ஜெரோமின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ அவளோட அண்ணனா கண்ணு?” என்றாள். “கண்ணு, மூக்கு, எல்லாம் அச்சு அசல்.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். போர்வை, பொத்தான், இரண்டு வருஷம், ஜெரோம், நான். மூச்சு விடாமல் சொன்னேன். அம்மா கடைசி வரைக்கும் கேட்டாள். வார்டில் இருந்த நாலைந்து பேரும் கேட்டார்கள். முடிந்ததும் என் தலையைத் தடவி, பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம், “பொண்டாட்டி போன வெசனமுங்க. என்னென்னமோ பேத்தறான்” என்றாள்.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. வாத்தியாரின் மனைவி, சாமி ஜலசமாதி ஆகிவிட்டார் என்று வீட்டில் விளக்கேற்றிவிட்டார். போனில் புருஷன் சொன்னதெல்லாம் சாமியைப் பறிகொடுத்த அதிர்ச்சியாம். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது, வாசலில் சாமி படத்துக்குத்தான் முதல் மாலை. ஷாஜிதாவை யாரும் பிடிக்கவில்லை. மெஷின் தான் தவறாகப் பார்த்ததாக ஒப்புக்கொண்டால்தானே அவளைத் தேடுவார்கள். ஜென்மத்துக்கும் மறைக்க வேண்டும் என்று பயந்திருந்த உண்மையை வாய்விட்டுச் சொன்னோம், ஒருவர்கூட நம்பவில்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

சில நாளில் தேடுவதை நிறுத்திவிட்டு ஐந்து பேரும் இறந்ததாக அறிவித்தார்கள். என் பெயருக்கு நேரே மனைவியை இழந்தவர் என்று ஏறிவிட்டது. நானும் ஜெரோமும் ஒன்றாக இருந்தோம் என்பதற்கு இந்த நாட்டில் இருக்கும் ஒரே ஆதாரம் இல்லாத ஒருத்தியின் சாவுதான்.

அம்மா காரியம் வைத்தாள். ஜெனியின் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தாள். தெருவே வந்திருந்தது. பெண்ணின் அண்ணன் என்று ஜெரோமை வரச் சொல்லி ஆளனுப்பியிருந்தாள். வருவானா என்று எனக்குச் சந்தேகம்தான். வந்தான். எங்கள் வீட்டுப் படியை அவன் மிதித்தது அதுதான் முதல் தடவை.

“உங்க வழக்கத்துல என்ன உண்டோ அதைச் செய் கண்ணு” என்று அம்மா அவன் கையில் மெழுகுவத்தியைக் கொடுத்தாள். ஊன்றுகோலை என்னிடம் தந்துவிட்டு, தன் கண்ணையே வைத்துக்கொண்டு சிரிக்கும் அந்தப் படத்துக்கு முன்னால் ஏற்றி வைத்தான். கூடியிருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழ வேண்டும் போலிருந்தது. அழவும் செய்தேன். எல்லோரும் முறையாகத் தேற்றினார்கள்.

சனமெல்லாம் கிளம்பிய பிறகு அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் இலை போட்டாள்.

“இந்தக் காலை வெச்சுக்கிட்டுக் கம்பெனி குடியிருப்புல மாடி ஏறுவியா?” என்று ஜெரோமைக் கேட்டாள். “இங்கயே வந்துரு. மாமன் மச்சான் ஒரே வீட்டுல இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பொண்டாட்டி செத்தவனை இன்னொண்ணு கட்டிக்கன்னு ரெண்டு மூணு வருசம் நச்சரிக்க மாட்டாங்க. அப்பறம் வயசாயிருச்சும்பாங்க.”

ஜெரோம் சாப்பிடுவதை நிறுத்தினான். “அம்மா, நான் ஜெனிக்கு அண்ணன் இல்லீங்க.”

“தெரியும்.”

“எப்பம்மா தெரியும்?” என்றேன்.

“ஆஸ்பத்திரியில நீ சொன்னப்பத்தான். பொய் சொன்னா நீ மூச்சு வாங்கி வாங்கிச் சொல்லுவ. அன்னிக்கு அப்படிச் சொல்லல.”

“அப்ப இத்தனை நாளு அழுதது?”

“அழுகை நெசந்தான்டா. ரெண்டு வருசமா அந்தப் புள்ளைய மனசுல வெச்சிருந்தனே, எங்க கொண்டு போய் எறக்கறது?” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெரோமின் இலையில் ரசத்தை ஊற்றினாள்.

அவன் அந்தச் சோற்றைப் பிசையவில்லை. “அப்ப நான் எப்பங்கம்மா நானா இருக்கறது?” என்று கேட்டான்.

அம்மா மாலை போட்ட படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “வீட்டுக்குள்ள கேமரா இல்லீல்ல, கண்ணு” என்றாள்.

சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. எச்சில் கையோடு எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினேன்.